போகிக்குப் போட்டதெல்லாம் பின்னாடியே வந்தப்போ

குப்பை பத்தின கதைன்னு சொன்னதுமே பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கிட்டீங்க, மீதிப் பேர் செருப்பு எங்க விட்டோம்னு தேட ஆரம்பிச்சிட்டீங்க. உங்க மனக்கணக்கு தெரிஞ்சதுதான். முதல்ல ஒரு நல்லவர் வருவார், தொண்டையைச் செருமி, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கிட்டு, "அன்பார்ந்த பொதுமக்களே, மக்கும் குப்பை, மக்காத குப்பை"ன்னு தொடங்குவார், நாம வாயை மூடிக்கிட்டே கொட்டாவி விடுவோம், அப்புறம் பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து மரக்கன்னு நடுவார், ஊரே திருந்திப்போய் வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கும், அதோட முடிஞ்சிடும்னுதானே பாக்குறீங்க. பின்னாடி உக்காந்திருக்கிற ரெண்டு பேர் பேய் வரும்னு வேற நம்பிக்கையா இருக்காங்க. பேய் வராது. வரப்போறது அரங்கநாயகம் சாரோட பெயிண்ட் டப்பா. போட்டோ வேணும்னா எடுப்பாங்க, அதுல குறை வைக்கல.

செம்பேடு டவுன்ல பதினாலாவது வார்டு, ஏரிக்கரை ஹவுசிங் போர்டு. அங்க இருபத்திரண்டு வருஷமா குப்பை வாங்குறவ குணவதி. முன்னாடி தள்ளுவண்டி, இப்போ பேட்டரி வண்டி, மத்தபடி அதே விசில், அதே ஆறு பிளாக், அதே நூத்தி நாப்பத்தி நாலு வீடு. அவளுக்கு வலது உள்ளங்கையில மூணு மாசமா ஆறாத புண் ஒண்ணு. பாத்ரூம் கழுவுற ஆசிட் பாட்டிலை மூடி சரியாப் போடாம, பழைய துண்டுல சுத்தி, காய்கறித் தோலுக்கு அடியில வச்சு யாரோ ஒரு புண்ணியவான் குடுத்திருந்தான். பிரிக்கிறதுக்குக் கையை விட்டா. அவ்வளவுதான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, முகத்தை நிமித்தாமலே சொன்னாங்க: "இன்னொரு தடவ இந்த மாதிரி எதாவது பட்டுச்சுன்னா இந்த ரெண்டு விரலையும் எடுக்கவேண்டி வரும்மா. பாத்துக்க."

எங்கேர்ந்து பாத்துக்கிறது? கைதான் அவ வேலை. அன்னையிலேர்ந்து அவ ஒவ்வொரு படியா ஏறி, கட்டுப் போட்ட கையைக் காட்டி, "அக்கா, பேட்டரி, பெயிண்ட், பூச்சி மருந்து, ட்யூப்லைட்டு, காலாவதி மாத்திரை, இதெல்லாம் தனியா ஒரு டப்பாவுல வச்சுக் குடுங்க, போட்டு வைக்கத் தனி டிரம் கேட்டிருக்கேன்"ன்னு கேட்டா. கதவு ஒரு சாண் திறக்கும். உள்ளேர்ந்து ஒரு குரல், "டைம் இல்லம்மா." அடுத்த கதவு, "எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது." அதுக்கடுத்த கதவு, மூக்கால, "பிரிக்கத்தானே உனக்குச் சம்பளம்." சானிட்டரி இன்ஸ்பெக்டர் தயானந்தன்கிட்ட இந்த மாதிரி ஆபத்தான குப்பைக்குன்னு சிவப்பு டிரம் கேட்டு மூணு வருஷம் ஆச்சு. அவர் பேனா மூடியால காதைக் குடைஞ்சுக்கிட்டே, "ஃபைல் மேல போயிருக்கு குணவதி"ம்பார். அந்த ஆபீசுக்கு மேல மாடியே கிடையாது.

போகி வந்துச்சு. எரிக்கக் கூடாதுன்னு தடை. அதனால ஊரே பழசையெல்லாம் மூட்டை கட்டி வாசல்ல வச்சுது. குணவதி வண்டியை நிறுத்தினா, இடது கையால ஒரு மூட்டையைப் பிரிச்சா, உள்ள எலி மருந்தும் உடைஞ்ச தெர்மாமீட்டரும் பழைய வேட்டியோட கட்டிப்பிடிச்சுக் கிடந்துது. மூட்டையைத் திரும்பக் கட்டினா, வாசல்லயே வச்சா, "கலந்து குடுத்தா இனிமே வாங்க மாட்டேன்"னு சொல்லிட்டு விசில் கூட ஊதாம அடுத்த பிளாக்குக்குப் போயிட்டா.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரங்கநாயகம், டெலிபோன் இலாகாவுல ரிட்டயர் ஆனவர், இன்னும் யாரைப் பாத்தாலும் "ஹலோ"ன்னு ஆரம்பிக்கிறவர், பால்கனியிலேர்ந்து குனிஞ்சு, "ஹலோ, ராங்கியப் பாத்தீங்களா"ன்னார். "நமக்கென்ன கை இல்லையா?" இருந்துது. நூத்தி நாப்பத்தி நாலு வீட்டுக்கும் கை இருந்துது. அவங்கவங்க மூட்டையை அவங்கவங்க தூக்கிக்கிட்டுப் போய், காம்பவுண்டு சுவத்துக்கு அந்தாண்ட ஏரியில விசிறி எறிஞ்சாங்க. எறிஞ்சிட்டுக் கையைத் தட்டிக்கிட்டு வந்து தலைக்குக் குளிச்சாங்க.

மறுநாள் காலையில ஒன்பது மணி, பானை பொங்கி வழியுது, "பொங்கலோ பொங்கல்"னு ஆறு பிளாக்கும் ஒரே குரலாக் கத்துது, அந்தக் குரல் அடங்குறதுக்குள்ள ஏரிப் பக்கத்துலேர்ந்து அதெல்லாம் வர ஆரம்பிச்சுது. பெயிண்ட் டப்பாக்கள் உருண்டு வந்துச்சு, ட்யூப்லைட்டுகள் ஒத்தைக் கால்ல நொண்டியடிச்சு வந்துச்சு, மாத்திரைகள் எறும்பு மாதிரி சாரைசாரையா வந்துச்சு, கரப்பான் மருந்து டின் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு வந்துச்சு, எல்லாத்துக்கும் கடைசியா பி பிளாக்கு இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு ஆமை கணக்கா வயித்தை இழுத்துக்கிட்டு, நடுவுல ரெண்டு தடவ நின்னு இளைப்பாறி, வந்து சேந்துச்சு. எதுவும் வழி தப்பல. ஒவ்வொண்ணும் தன்னை எறிஞ்ச கை எதுன்னு பாத்து, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பின்னாடி ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. அவர் நடந்தா நடந்துச்சு. நின்னா நின்னுச்சு.

"பொங்கல் ஆறுது, முதல்ல சாப்பிடுங்க"ன்னு பரிமளா சொன்னா. சி பிளாக்கு மூணாவது மாடி, எதையும் மறுநாளைக்குத் தள்ளி வைக்கிற பொம்பளை. எல்லாரும் சாப்பிடப் போனாங்க. அதுகளும் கூடவே மாடி ஏறுச்சு.

முதல் வாரத்துல கொஞ்சம் தடுமாறினாங்க, ரெண்டாவது வாரத்துல பழகிட்டாங்க, இந்த ஊருக்குப் பழகாதது எது? திரும்பக் கொண்டுபோய் எறிஞ்சு பாத்தாங்க, எறிஞ்சவங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது வந்து பாய்ல உக்காந்திருந்துச்சு. அரங்கநாயகம் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: பின்தொடரும் பொருட்கள் மாடிப்படியில் இடது ஓரமாகச் செல்லவும். பிள்ளையார் கோயில்ல செருப்பு பாக்குறவங்க அதுகளுக்கும் டோக்கன் குடுத்தாங்க. டவுன் பஸ் கண்டக்டர், "முன்னாடி போ, முன்னாடி போ, பேட்டரிக்காரங்க பின் சீட்டுக்குப் போ"ன்னு பிரிச்சு ஏத்தினார். அரங்கநாயகம் காலைல வாக்கிங் போனா ஏழு பெயிண்ட் டப்பா அணிவகுத்துப் பின்னாடி உருண்டுச்சு, ஏ பிளாக்கு கேட்டுக்கு அடிச்சது, பி பிளாக்கு கிரில்லுக்கு அடிச்சது, அடிக்காமலே விட்டது. தலையே நரைக்காதுன்னு பேர் வாங்கின ஒருத்தர் பின்னாடி பதினாலு சாயக் குப்பி வரிசையா நடந்துச்சு, அவர் அதுக்கப்புறம் குடை பிடிச்சுக்கிட்டுதான் வெளிய வந்தார். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தை ஓரமா வச்சுட்டு, "பையன் பின்னாடி என்னங்க வருது?"ன்னு கேட்டாங்க. மளிகைக் கடையில "ஒரு பாட்டில் வாங்கினா ஒரு பாட்டில் இலவசம்"னு போர்டு வச்சா, சனம் இலவசத்தை வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுது. "வாங்குறதே ஒருநாள் பின்னாடி வரும், இதுல துணைக்கு ஒண்ணா"ன்னாங்க. வீட்டுல அரை பாட்டில் இருக்கிறப்போ புதுசு வாங்குற பழக்கம் தானா நின்னுபோச்சு.

இத்தனையும் யோசிச்சாங்க, இத்தனைக்கும் வழி கண்டுபிடிச்சாங்க, ஒருத்தராவது குணவதிகிட்ட வந்து "அந்தத் தனி டிரம்முன்னு சொன்னியே, அது என்னம்மா?"ன்னு கேக்கணுமே. அவளுக்கு அதுதான் வயிறு எரிஞ்சுது. வீட்டுக்கு வீடு டப்பா உருளுது, மாடிப்படியில பேட்டரி தடுக்கி விழறாங்க, விழுந்து எழுந்து, அவளைப் பாத்து, "பாத்தியா குணவதி, காலம் கெட்டுப்போச்சு"ன்னுட்டுப் போறாங்க. காலமா பேட்டரியை எறிஞ்சுது? அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு விசிலை ஊதினா. விசில்ல காத்துதான் வந்துச்சு, சொல்ல நினைச்சது வரல.

இதுக்கு நடுவுலதான் பரிமளா மகளுக்கு வளைகாப்பு. பரிமளா பின்னாடி அப்போ எழுபத்தஞ்சு செத்த பேட்டரி, நாலு அட்டை மாத்திரை, அரை பாட்டில் ஆசிட். அதுக்குள்ள சனம் ஒண்ணு கண்டுபிடிச்சிருந்துது: ஒருத்தர் குடுத்து இன்னொருத்தர் கையால வாங்கிட்டா, அது வாங்கினவங்க பின்னாடி போயிடும். பரிமளாவுக்கு மூளை வேலை செஞ்சுது. தாம்பூலப் பை எழுபத்தஞ்சு தச்சு வச்சிருந்தா, வெத்தலை, பாக்கு, மஞ்சள், கண்ணாடி வளையல், ஒரு தேங்காய், தேங்காய்க்கு அடியில ஒரு பேட்டரி. வந்தவங்க ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ஆசிட் பாட்டில் மட்டும் எந்தப் பைக்குள்ள போச்சுன்னு பரிமளாவுக்கே ஞாபகம் இல்ல.

சம்பந்தியம்மா பைக்குத்தான் போயிருந்துது. மறுநாள் அந்தம்மா முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து இறங்கினாங்க, பின்னாடி ஒரு முழம் தள்ளி பாட்டில் தளும்பித் தளும்பி வந்துச்சு.

"ஏங்க சம்பந்தி, நாங்க என்ன உங்க வீட்டுக் கக்கூசா?"ன்னாங்க அந்தம்மா.

"ஐயோ அண்ணி, கை தவறிப் போச்சு."

"தவறினா திரும்ப வாங்கிக்கோங்க. பிடிங்க."

பரிமளா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டா. வச்சுக் குடுத்த தாம்பூலத்தை எப்படித் திரும்ப வாங்குறது? புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ஆகுமா? அந்தம்மாவுக்கும் அது தெரியும், ஆனா பாட்டிலோட ஊருக்குப் போகவும் மனசில்ல. ரெண்டு பேரும் வாசப்படியில நின்னுக்கிட்டு, இவங்க நீட்ட அவங்க பின்னால போக, அவங்க கும்பிட இவங்க முறைக்க, நடுவுல மூடி லொடலொடன்னு ஆடுது. அதுக்குள்ள மத்த தாம்பூலப் பை வாங்கினவங்களும் ஒவ்வொரு பஸ்ஸா வந்து இறங்கிட்டாங்க. சி பிளாக்கு வாசல்ல தேர்க்கூட்டம். மகள் மேலேர்ந்து எட்டிப் பாத்து, "அம்மா, நீ வாங்கினா நான் மாமியார் வீட்டுக்கே போயிடுவேன், வாங்கலைன்னா அவங்க என்னைச் சேத்துக்க மாட்டாங்க, எதாவது ஒண்ணு பண்ணித் தொலை"ன்னு அழ ஆரம்பிச்சா.

அன்னைக்குத்தான் பரிமளா, மூணு மாடி இறங்கி, வண்டிகிட்ட வந்து, "குணவதி, அந்த டிரம்மு"ன்னா.

டிரம் எங்க இருக்கு? ஃபைல்தான் இருக்கு. குணவதி பழைய இரும்புக் கடையிலேர்ந்து நாலு நீல பிளாஸ்டிக் டிரம் உருட்டிக்கிட்டு வந்தா. அரங்கநாயகம் பின்னாடி நின்ன டப்பாக்களைத் திறக்கச் சொன்னா. கேட்டுக்கு அடிச்ச சிவப்பு பாதி டப்பா, கிரில்லுக்கு அடிச்ச சிவப்பு கால் டப்பா, கூடவே ஒரு ஆரஞ்சு, எல்லாத்தையும் கலக்கி நாலு டிரம்முக்கும் பூசச் சொன்னா. அவரே பூசினார், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. மிச்சத்தை மோட்டார் ரூம் சுவத்துக்கு அடிச்சார். டப்பா காலியாகி, காத்துல உலர்ந்ததும், அதெல்லாம் அவரை விட்டுட்டு வெறும் தகரமா நின்னுபோச்சு. அவர் நாலு தப்படி நடந்து, திரும்பிப் பாத்து, இன்னும் நாலு தப்படி நடந்தார். "ஹலோ"ன்னார் டப்பாவைப் பாத்து. அது அசையல.

குணவதி ஒரே ஒரு நிபந்தனை போட்டா. "நான் தொட மாட்டேன். நீங்களே கொண்டாந்து, இன்னது இதுன்னு வாயால சொல்லி வைக்கணும். எது கூட எது சேரக்கூடாதுன்னு எனக்குத் தெரியணும்." வரிசையில நின்னாங்க. "இது பல்லிக்கு அடிச்ச மருந்து, பாதி இருக்கு." ரெண்டாவது டிரம். "இது எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கத்துக்கு, போன வருஷத்தது." மூணாவது. "இது உடையாத ட்யூப்லைட்டு." பேப்பர் சுத்தி நாலாவது. சம்பந்தியம்மா பாட்டில் மூடியை இறுக்கி, "இது ஆசிட்டு, எனக்கு வச்சுக் குடுத்தது"ன்னு அழுத்தமா சொல்லி வச்சாங்க. சொல்லி வச்சது சொல்லி வச்ச இடத்துல தூங்கிடுச்சு. அந்த மாதிரி அமைதியை அந்த ஹவுசிங் போர்டு கண்டதில்ல.

அந்த நாட்கள்லதான் குணவதி கை ஆறுச்சு. போகியிலேர்ந்து அவ எதுலயும் கை விடல. முதல்ல சீழ் நின்னுச்சு, அப்புறம் பொருக்கு விழுந்துச்சு, அதுக்கு அடியில இளஞ்சிவப்பா, வாழைப்பூ மடல் மாதிரி, புதுத் தோல். அவ டீ குடிக்கிறப்போ கிளாசை அந்தக் கையால பிடிச்சுப் பாத்தா. சூடு தெரிஞ்சுது. சும்மா இருக்கிறப்போ ரெண்டு விரலையும் மடக்கி, நீட்டி, மடக்கிப் பாத்துக்குவா, யாரும் பாக்காதப்போ.

சேதி எட்டி, தயானந்தன் ஜீப்புல வந்தார். பேனர் வந்துச்சு, "மாதிரி வார்டு"ன்னு. "இந்தத் திட்டம் நம்ம அலுவலகத்தோட நீண்ட நாள் கனவு"ன்னார். லாரி வந்துச்சு. வெளியூர்ல இதை முறையா அழிக்கிறதுக்குன்னே ஒரு ஆலை இருக்கு, அங்க போகுதுன்னார். லாரிக்காரங்க டிரம்மைப் பாத்துட்டு, "ஏத்தி இறக்குறது எங்க வேலை இல்ல சார்"னாங்க. எல்லாரும் குணவதியைப் பாத்தாங்க.

"சார், கையுறை கேட்டிருந்தேனே."

"அடுத்த வாரம் வருதும்மா. மூடிதானே போடப்போற. போட்டோக்காரர் வெயிட் பண்றாரு."

அவ முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு, நாலு மூடியையும் அழுத்தி, தோளைக் குடுத்துத் தள்ளி, பலகை மேல உருட்டி ஏத்தினா. தயானந்தன் தாள்ல கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்தாங்க. அவ ஓரத்துல நின்னதால டிரம் தெளிவா விழுந்துது, அவ விழல.

அஞ்சு நாள் கழிச்சு, காலை பதினோரு மணி வெயில்ல, ஏரிப் பக்கத்துலேர்ந்து டிரம் உருள்ற சத்தம் கேட்டுது. ஆறு பிளாக்குலயும் கதவு பட்டு பட்டுன்னு சாத்துற சத்தம். நாலு டிரம்மும் வந்துச்சு, மேலெல்லாம் ஏரி ஆகாயத்தாமரை ஒட்டிக்கிட்டு, ஒண்ணோட மூடி விரிசல் விட்டுக் கசிஞ்சுக்கிட்டு. ஆலைக்குப் போற ரோட்டுல ஆகாயத்தாமரை முளைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் யாரையும் எதுவும் கேக்கல. ஏ பிளாக்கைத் தாண்டுச்சு, பி பிளாக்கைத் தாண்டுச்சு, சி பிளாக்கு வாசல்ல கொஞ்சம் நின்னு, பரிமளா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுச் சாமிப் படத்தைக் கும்பிட, அதையும் தாண்டுச்சு. நேரா பேட்டரி வண்டிகிட்ட வந்து, குணவதிக்குப் பின்னாடி ஒரு முழம் தள்ளி நின்னுச்சு.

அவ ஒரு அடி நகந்தா. நாலும் நகந்துச்சு.

கதவெல்லாம் திறந்துச்சு. கூட்டம் சேந்துச்சு. தயானந்தனுக்குப் போன் போய், அவரும் லாரி டிரைவரும் வந்தாங்க. "இது உங்க பின்னாடி இல்ல வரணும்"னு அரங்கநாயகம் டிரைவரைக் கேட்டார். "நான் எங்க சார் தொட்டேன்? லீவரை இழுத்தேன், அதுவே கவுந்துச்சு"ன்னான் அவன். எல்லாரும் தயானந்தனைப் பாத்தாங்க. "நான் கையெழுத்துதான் போட்டேன்"னு அவர் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார். சுத்தமான கை. சனத்துக்கும் ஒரு நிம்மதி, நாம வச்சது நம்மகிட்ட வரலையே.

"சரி குணவதி, வேடிக்கை பாக்காத, கசியுது பாரு"ன்னார் தயானந்தன். "எடுத்து உன் வண்டியில போடு. வழக்கமா எங்க போடுவியோ அங்க போட்டுடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

குணவதி வலது கையை விரிச்சுக் காட்டினா. இளஞ்சிவப்புத் தோல் வெயில்ல மின்னுச்சு. "இதுல இன்னொரு தடவ பட்டா விரலை எடுத்துடுவாங்க சார். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அதான் ஆறிடுச்சே."

"ஆறினது தொடாததால சார்."

"இங்க பாரும்மா"ன்னார் அரங்கநாயகம், குரலை இதமா வச்சுக்கிட்டு. "எங்களுக்கு உன் மேல கோவம் இல்ல. ஆனா உன் பின்னாடி வருதுன்னா, நீதான் எங்கயோ தப்பு பண்ணிருக்கணும். நியாயமாப் பேசணும்ல?"

"ஆமா, ஆமா"ன்னுது கூட்டம். பரிமளா கூட, "கொஞ்சம் பாத்துப் பண்ணிருக்கலாம் குணவதி"ன்னா. குணவதி அந்த ரெண்டு விரலையும் மடக்கி, நீட்டி, மடக்கினா. கசிஞ்ச டிரம்மைச் சுத்தி சிமெண்டு புகைய ஆரம்பிச்சுது. தயானந்தன் கடிகாரத்தைப் பாத்தார்.

சி பிளாக்கு வாசலை அடைச்சுக்கிட்டு நின்ன கூட்டத்துக்குப் பின்னாடி, நிறை சிலிண்டரைத் தோள்ல வச்சுக்கிட்டு, மேல ஏற வழியில்லாம, கேஸ் போடுற ஆள் ஒருத்தர் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருந்தார். இந்த லைனுக்குப் புதுசா மாத்தி வந்தவர், யார் பேரும் தெரியாது. தோளை மாத்திக்கக்கூட இடமில்ல.

"அந்தம்மா பின்னாடி என்ன புதுசாவா வருது"ன்னார் அவர். "தினம் அந்தம்மா கைக்குத்தானே வந்துக்கினு இருந்துச்சு. இந்த ஒரு மாசம் உங்க பின்னாடி வந்ததாலதான் உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுது. வழி விடுங்க சார், தோள் வலிக்குது."